எட்டாம் அத்தியாயத்தில் காணாமல் போன பையன்

எட்டாம் அத்தியாயத்தில் ஒரு பையன் காணாமல் போனான். யாரும் அவனைக் கடத்தவில்லை. அவன் சாகவில்லை. ஊரை விட்டுப் போனதாகவும் எழுதியிருக்கவில்லை. எட்டாம் அத்தியாயத்தின் கடைசி வரியில் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தவன், ஒன்பதில் இல்லை. பத்தில் இல்லை. நாவல் முடியும்வரை இல்லவே இல்லை.

அட்டை அச்சாகி வந்துவிட்டது. உள் பக்கங்களுக்கு லேஅவுட் முடிந்து, கடைசி புரூஃப் என் மேஜையில் இருந்தது. புத்தகக் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு பையனைக் காணோம் என்று நான் முதலாளியின் அறைக்குள் போய் நின்றேன்.

"ஆறு பசங்க இருந்தாங்க சார். இப்ப அஞ்சு பேருதான் இருக்காங்க."

"அஞ்சு பேரு போதாதா லதாம்மா? கிரிக்கெட் டீமா நடத்தறோம்?"

"படிக்கிற பசங்க கேப்பாங்க சார்."

"கேக்கட்டும். புக்கைப் படிச்சுட்டு எவனாவது கேள்வி கேட்டா எனக்குச் சந்தோஷம்தான்," என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டார்.

பதிப்பகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள், நீங்கள் பார்த்த புத்தகங்களில் எது மறக்கவில்லை என்று என்னைக் கேட்பதுண்டு. நன்றாக விற்ற புத்தகங்களைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த நாவல்தான். இது ஒரு நல்ல நாவல் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. 'ராஜா ரவுண்டு'

எங்கள் பதிப்பகம் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு போல்ட் கம்பெனிக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே மெஷின் ஓடினால் மேலே என் டீ கிளாஸ் நடுங்கும். எடிட்டிங் செக்‌ஷன் என்று கதவில் எழுதியிருந்தாலும், அது நானும் ஒரு மேஜையும்தான். புரூஃப் பார்க்கச் சேர்ந்தவள் நான். போகப்போக எழுத்தாளர்களோடு பேசுவது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் என் வேலையாகிவிட்டது.

பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் வரிசை தொடங்கலாம் என்று முதலாளிக்கு ஒரு நாள் தோன்றியது. "பசங்க போன்ல எந்நேரமும் என்ன பண்றானுங்க? கேம். அதையே புக்கா குடு. கொஞ்சம் டேஞ்சரா இருக்கணும்," என்றார். முகநூலில் ஓர் அறிவிப்புப் போட்டோம். வந்து குவிந்தவற்றில் ஒன்று ரம்யா என்ற பெண் அனுப்பிய ஏழு அத்தியாயங்கள்.

ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஊழியர்களின் குவார்ட்டர்ஸில் நடக்கும் கதை. பத்தாவது படிக்கும் ஆறு பேர். குடியிருப்பின் கோடியில், பயன்பாட்டில் இல்லாத ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. துருப்பிடித்த இரும்பு ஏணியில் ஏறி, தொட்டியின் விளிம்பை எதையும் பிடிக்காமல் ஒரு சுற்று நடந்து வர வேண்டும். கடைசியாகச் சுற்றி முடித்தவர் மறுநாள் ராஜா. ராஜா சொல்வதை மற்ற ஐந்து பேரும் செய்ய வேண்டும். அதுதான் ராஜா ரவுண்டு.

நான் அந்த ஏழு அத்தியாயங்களையும் வீட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் படித்தேன். திருமுல்லைவாயிலில் இறங்க வேண்டியவள் ஆவடி வரைக்கும் போய்விட்டேன். உச்சியில் நடக்கும்போது கீழே எந்த வீட்டுக் கொடியில் யாருடைய யூனிஃபார்ம் காய்கிறது என்று எழுதியிருந்தாள். மேலே ஏற ஏற அம்மாக்கள் கூப்பிடுவது கேட்காமல் போகும், குக்கர் விசில் மட்டும் கேட்கும் என்று எழுதியிருந்தாள். ஆறு பேரில் ஒருவன் பெயர் பல்பு. அப்பா குவார்ட்டர்ஸ் எலெக்ட்ரீஷியன் என்பதால் அந்தப் பெயர். பயம் வந்தால் சத்தமாகச் சிரிப்பான். அடுத்தவன் ஏறும்போது ஏணியைக் கீழே நின்று பிடித்துக்கொள்வான். அவன் வரும் பக்கங்களில் எழுத்து தானாக ஓடியது.

உடனே ஒப்பந்தம் போட்டோம். மீதியை எழுத அவளுக்கு அவகாசம் கொடுத்தோம். நான் காத்திருந்தேன். ஒரு வாசகி காத்திருப்பதுபோலத்தான் காத்திருந்தேன். வேலை என்று நினைக்கவில்லை.

மீதி கண்காட்சி நெருங்கும்போதுதான் வந்து நேரே லேஅவுட்டுக்குப் போனது; நான் புரூஃபில்தான் படித்தேன். எட்டாம் அத்தியாயத்தின் முடிவில் பல்பு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பில் நிற்கிறான். ஒன்பதாம் அத்தியாயத்தில் மற்ற ஐந்து பேரும் மலை மேல் ஒரு பங்களாவில் கண் விழிக்கிறார்கள். முகமூடி போட்ட 'மாஸ்டர்' என்பவர் திரையில் தோன்றுகிறார். கையில் மின்சார வளையம், தோற்றால் ஷாக். சுரங்கம் வருகிறது, ஹெலிகாப்டர் வருகிறது. பத்தாவது படிக்கும் பெண் வெடிகுண்டைச் செயலிழக்க வைக்கிறாள். அத்தனை ஓட்டத்திலும் ஒருவருக்கும் வியர்க்கவில்லை, பசிக்கவில்லை. யாரும் வீட்டை நினைக்கவில்லை.

2. கதைக்கு லோடு

ரம்யா அதே எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டராக இருந்தாள். முப்பது வயதைத் தொட்டிருப்பாள். நான் கூப்பிட்டதும் மதிய இடைவேளையில் வந்தாள். கழுத்தில் ஐடி கார்டு தொங்கியது. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன்.

"பல்பு எங்கம்மா போனான்?"

அவள் சிரித்தாள். "தேவையில்லாத கேரக்டர் மேடம். கதைக்கு லோடா இருந்தான். இறக்கிட்டேன்."

"கதையே அவன்தானே ரம்யா."

"அப்படித் தெரிஞ்சா முதல்ல இருந்தே எடுத்துடுங்க."

"எடுத்தா புத்தகத்துல என்ன மிஞ்சும்?"

அவள் ஐடி கார்டின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். விரல் நுனி வெளுத்துப்போகும் வரைக்கும் சுற்றினாள்.

"மலை, பங்களா எல்லாம் வேண்டாம்மா. அந்தத் தொட்டிக்குத் திரும்பிப் போ. அவன் கண்ணைத் திறந்தானா, விழுந்தானா, இறங்கி வந்தானா? ஒரே ஒரு அத்தியாயம். அச்சை நான் நிறுத்தி வைக்கிறேன்."

"முயற்சி பண்ணிட்டேன் மேடம். வரல."

எழுந்து கதவுவரை போனவள் நின்றாள். "இருக்கறபடி போடுங்க. ஆனா இடையில ஒரு வரி சேர்த்து அவன் செத்துட்டான்னு மட்டும் போட்டுடாதீங்க. ப்ளீஸ்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கற்பனைப் பையனுக்காக யாரும் அப்படிக் கெஞ்ச மாட்டார்கள்.

புத்தகம் இருந்தபடியே வந்தது.

3. மூட்டைகள்

கண்காட்சியில் அட்டையைப் பார்த்துப் பிள்ளைகள் கையில் எடுத்தார்கள், ஓரளவு வாங்கவும் செய்தார்கள். பிறகு பேச்சு பரவியது. இணையத்தில் ஒரு வாசகர், 'தொட்டி மேல் நின்ற பையனை விட்டுவிட்டு நாவலாசிரியர் ஹெலிகாப்டரில் போய்விட்டார்' என்று எழுதினார். ஒரு பள்ளி ஆசிரியை போன் செய்து, "என் கிளாஸ் பசங்க எல்லாம் பல்பு பல்புன்னு கேக்கறாங்க, ரெண்டாம் பாகம் வருதா?" என்றார். இல்லை என்றேன். நூலக ஆர்டரும் வரவில்லை. சில பள்ளிகள் போட்டிப் பரிசுக்கென்று வாங்கின. மற்றபடி கடைகளிலிருந்து விற்காத பிரதிகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்து, புத்தகம் அனுப்பும் டெஸ்பாட்ச் அறையை அடைத்துக்கொண்டது.

ரம்யா ஒருமுறை வந்து அந்த மூட்டைகளைப் பார்த்துவிட்டாள். "நல்லா இல்லைல்ல?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "முதல் பாதி மாதிரி நான் ரொம்ப நாளா எதையும் படிக்கலம்மா," என்றேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள். முதல் பாதியைச் சொன்னாளா, இரண்டாம் பாதியைச் சொன்னாளா என்று கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவளிடமிருந்து மின்னஞ்சல் எதுவும் வரவில்லை. எங்கள் தொழிலில் இது சகஜம். முதல் புத்தகம் தோற்றால் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. எனக்குத்தான் மனது ஆறவில்லை. வேறு எந்தப் புரூஃப் பார்த்தாலும், வராத அந்த ஓர் அத்தியாயம் எப்படி இருந்திருக்கும் என்று யோசனை அங்கேயே போய் நிற்கும்.

4. "நான்தான் பல்பு"

மழைக்காலத்தில் ஒரு முற்பகல். மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. ஒரு அடி அழுத்தமாக, ஒரு அடி இழுத்துக்கொண்டு. உள்ளே வந்தவர் நனைந்த சட்டையோடு நின்றார். பாலித்தீன் பையில் சுற்றிய புத்தகம் கையில் இருந்தது. எங்கள் 'ராஜா ரவுண்டு'.

"இந்த புக்கு போட்டது நீங்கதானா?"

புகார் சொல்ல வந்த வாசகர் என்று நினைத்தேன். "ஆமா, உக்காருங்க சார். என்ன விஷயம்?"

"எங்கக்கா பொண்ணுக்கு ஸ்கூல்ல பரிசு குட்த்தாங்கோ. அவ பட்ச்சிகினு கீறப்போ, 'மாமா, இதுல பல்புன்னு ஒருத்தன் வர்றான், உன்னை மாரியே சிரிக்கிறான்'னு சொன்னா." அவர் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். "நான்தான் மேடம் பல்பு."

நான் எழுந்துவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. இத்தனை நாளாக நான் தேடிக்கொண்டிருந்த பையன் நரைக்கத் தொடங்கிய கிருதாவோடு என் முன்னால் நின்றான். மனதுக்குள் அவனை 'அவர்' என்று சொல்ல எனக்கு வரவே இல்லை.

பெயர் பிரகாஷ். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். மெட்ரோ வேலையில் கடை வாசலைத் தடுப்புப் போட்டு மறைத்துவிட்டார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு நாவலை விமர்சனம் செய்ய ஆரம்பித்தான்.

"முன்னாடி பாதி எங்க லைன் ஊடுதான் மேடம். ஒண்ணு விடாம எழுதிக்கீது. பின்னாடி இன்னா அது, முகமூடி, ஹெலிகாப்டரு? ரம்யா ஹெலிகாப்டரு எங்க பார்த்தா? அதுவா, பஸ்ல போனாலே வாந்தி எடுக்கும்."

சிரித்தான். சத்தமான சிரிப்பு. கீழே மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"ரம்யா போன் நம்பர் வேணுமா?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. "நீங்க குடுக்க வாணாம். நான் பட்ச்சேன்னு மட்டும் சொல்லுங்கோ. அது இஷ்டம்."

அவன் இறங்கிப்போன பிறகு ரம்யாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நடக்கறானா?" என்றாள்.

"நடக்கறார்மா. காலை இழுத்து நடக்கறார். மாடிப்படி ஏறித்தான் வந்தார்."

5. டெஸ்பாட்ச் அறை

எங்கள் அலுவலகத்தில் நாலு பேர் உட்கார்ந்து பேச டெஸ்பாட்ச் அறையை விட்டால் வேறு இடம் கிடையாது. ரம்யாவே அவனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை மதியம் இருவரும் அங்கே எதிரெதிரே, புத்தகக் கட்டுகளின் மேல் உட்கார்ந்தார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வரப் பார்த்தேன். ரம்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் இருங்கக்கா." அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவாள்.

அவன்தான் முதலில் பேசினான். "எங்க கீற இப்போ?"

"பருத்திப்பட்டு. அப்பா ரிடையர் ஆனதும் ஏரிக்கரைப் பக்கமா ஊடு கட்டினாரு."

"பருத்திப்பட்டா? டெய்லி நான் ஆவடி போற ரூட்டு அதானே!" அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இத்தினி வருஷமா அங்கியா இருந்த?"

அவள் தலையாட்டினாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். என்னிடம் பேசும் தமிழ் போய்விட்டது. குவார்ட்டர்ஸ் பேச்சு வந்துவிட்டது.

"அன்னிக்கு நான்தான் ராஜா. காத்தால மழை பெஞ்சு உட்டுச்சு. கண்ணை மூடிக்கினு ஒரு ரவுண்டு வான்னேன். நீ முடியாதுன்ன. பல்பு ஃபியூஸ் போயிடுச்சுன்னு நான்தான் கத்தினேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீ சிரிக்கல. எப்பவும் நீதானே முதல்ல சிரிப்ப."

பிரகாஷ் இழுத்து நடக்கும் காலை மெல்ல நீட்டி வைத்துக்கொண்டான்.

"கண்ணை மூடிக்கினு போன. ஃபுல் ரவுண்டு போன. நான் கீழ இருந்து உன் காலைத்தான் பார்த்துகினு இருந்தேன். ஒவ்வொரு அடியும் வைக்கறதுக்கு முன்னாடி கட்டை விரலால தடவிப் பார்த்த. முடிச்சதும் கண்ணைத் தொறந்து என்னைத்தான் தேடின. அப்போ எனக்கு, இனிமே இந்த கேம் ஆடக் கூடாதுன்னு தோணுச்சு. நீ இறங்கினதும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஏணி பேத்துகினு வந்துடுச்சு. எப்பவும் கீழ நின்னு ஏணியைப் புட்ச்சிக்கறவன் நீதான். நீ இறங்க சொல்ல, கீழ நின்ன நாங்க யாரும் புட்ச்சிக்கல."

கீழே போல்ட் கம்பெனியில் சனிக்கிழமை அரை நாள். மெஷின் நின்றிருந்தது.

"எல்லாரும் ஓடினாங்க. முதல்ல ஓடினது நான். ஊட்டுக்கு வந்தேன். அம்மா பூரி சுட்டாங்க. உக்காந்து சாப்பிட்டேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சு. அம்மா 'யாருக்கு என்ன ஆச்சோ'ன்னு எட்டிப் பார்த்தாங்க. நான் இன்னொரு பூரி கேட்டேன்."

அதைச் சொல்லி முடித்ததும்தான் அழுதாள். பிரகாஷ் அவளைத் தேற்றவில்லை. அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

"ஓடினதுக்கு நான் கோச்சிக்கல ரம்யா. பசங்கன்னா ஓடத்தான் செய்வாங்கோ. நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். ஆஸ்பத்திரில இடுப்புல கம்பி வச்சு மாசக்கணக்கா படுத்துகினு இருந்தேன். கதவு தொறக்க சொல்ல எல்லாம் நீதான்னு நெனைப்பேன். மத்தவனுங்க நாலு பேரும் வந்தானுங்கோ. நீ வரல. அதான்."

"ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்தேன். அப்பாகூட. வயித்த வலின்னு திரும்பிட்டேன்."

"உள்ள வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்."

வெளியே எஸ்டேட் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"செரி, புக்குல என்னை ஏன் அப்டியே நிக்க உட்டுட்ட?" என்றான் பிரகாஷ்.

"உன்னை விழ வைக்க கை வரல. இறங்க வச்சா அது பொய்யி."

"அதுக்கு மத்தவங்கள மலைக்கு ஏத்திட்டியா?"

அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கிளம்பும்போது தன் புத்தகத்தை அவளிடம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டான்.

"இந்த புக்குலயா? வாணாம் பிரகாஷ். இது நல்லா இல்ல."

"நல்லா இல்லன்னு எனக்கும் தெரியும். போடு."

போட்டாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. அவன் பூந்தமல்லி போகும் பஸ்ஸுக்கு நடந்தான். அவள் ஜன்னலில் நின்று, அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

6. கேட்கக் கூடாத கேள்வி

ஒரு மாதம் கழித்து முதலாளியிடம் பேசினேன். ரம்யா அந்த அத்தியாயத்தை எழுதினால், பிற்பாதியைத் தூக்கிவிட்டுப் புதுப் பதிப்பாகப் போடலாம் என்றேன். மூட்டைகளைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போயிருந்தவர், எனக்காக ஒப்புக்கொண்டார். "லதாம்மா, நீங்க ஒருத்தர் போதும், எதையும் முடிய விட மாட்டீங்க," என்றார்.

ரம்யாவைப் பார்க்க நானே பருத்திப்பட்டு போனேன். ஏரிக்கரை நடைபாதையில் அவளோடு நடந்துகொண்டே சொன்னேன். அன்று சொன்னபடியே எழுதினால் போதும். கட்டை விரலால் தடவியது, பூரி, ஆஸ்பத்திரி கேட். ஒரு வார்த்தை நான் திருத்த மாட்டேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். முகம் தெளிந்திருந்தது. நான் பார்த்த நாளிலிருந்து அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

"அதை அவன்கிட்ட சொல்லிட்டேன் அக்கா," என்றாள். "இனிமே எழுதறதுக்கு என்ன இருக்கு?"

நான் வற்புறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து, கேட்டதை நானே எழுதிப் பார்த்தேன். எத்தனையோ பேருடைய வாக்கியங்களை நிமிர்த்தியிருக்கிறேன். அன்றைக்கு என் கையிலிருந்து வந்தது பிழையில்லாத தமிழ். அவ்வளவுதான். அதில் ரம்யாவும் இல்லை, பிரகாஷும் இல்லை. அழித்துவிட்டேன். ரம்யா பிறகு எதுவும் எழுதவில்லை. அவர்கள் இரண்டு குடும்பமும் இப்போது போக வர இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு கதை திடீரென்று பொய்யாகிற இடத்தில் எழுத்தாளரைத் திறமை இல்லாதவர் என்று சீக்கிரம் முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கே அவர் எதையோ தாண்ட முடியாமல் நிற்கிறார். அவர் என்றைக்காவது அதைத் தாண்டிவிடலாம். அப்படித் தாண்டும்போது புத்தகம் கிடைத்தே தீரும் என்று கிடையாது. நமக்கு வேலை புத்தகம் செய்வது, அவர்களுக்கு வாழ்வது.

இதெல்லாம் புரிந்துதான் சொல்கிறேன். ஆனாலும் நான் படித்த புத்தகங்களிலேயே மிக நல்ல அத்தியாயம் எது என்று யாராவது கேட்டால், அதை எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு பக்கம் கூட இல்லை. ஒரே ஒரு தடவை காதால் கேட்டேன். இன்னொரு தடவை கேட்கக் கிடைக்காதா என்று இருக்கிறது.